1808 ஓலந்து தீவு விவசாயிகள் எழுச்சி: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

1808 மே மாசம், பால்டிக் கடல்ல ஒரு தீவுக்கூட்டம், அங்க இருந்த விவசாயிங்க ஒண்ணு சேர்ந்து, தங்க ஊர்ல வந்து உக்காந்திருந்த ரஷ்யப் படைய ஒரு வாரத்துக்குள்ள வளைச்சுப் பிடிச்சுட்டாங்க. இந்த விஷயத்த எப்ப பேச ஆரம்பிச்சாலும் அதே சந்தேகங்கள்தான் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடலாம்னு தோணுச்சு. கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன்.

ஓலந்துன்னா ஹாலந்தா பாஸ்? நெதர்லாந்துதானே?

இல்லங்க, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. ஓலந்து தீவுகள் ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் நடுவுல, போத்னியா வளைகுடா வாய்ல இருக்கு. சின்னதும் பெருசுமா 6,500 தீவுக்கு மேல, அதுல ஆளுங்க குடியிருக்கறது அறுபது சொச்சம்தான். மேற்கு ஓரத்துல இருக்கற எக்கெரோவுல இருந்து ஸ்வீடன் கரையில இருக்கற கிரிஸ்ஸல்ஹாம்ன் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கிழக்க போனா தீவு தீவா தொடர்ந்து ஃபின்லாந்து கரை வரைக்கும் போயிடும். இன்னிக்கு ஃபின்லாந்துக்குள்ள தன்னாட்சி பகுதி, ஜனத்தொகை 30,000 வாக்குல, பேசறது ஸ்வீடிஷ்.

1808-ல ஃபின்லாந்துன்னு தனி நாடே கிடையாது, ஃபின்லாந்து ஓலந்து எல்லாமே ஸ்வீடன் ராஜ்யத்துக்குள்ளதான் இருந்துச்சு. இத மனசுல வச்சுக்கிட்டா பின்னாடி வர்ற பாதி குழப்பம் வராது.

ரஷ்யாவுக்கும் ஸ்வீடனுக்கும் என்ன சண்டை? திடீர்னு ஏன் புகுந்தாங்க?

மூல காரணம் நெப்போலியன். 1807-ல டில்சிட்ல நெப்போலியனும் ரஷ்ய சக்கரவர்த்தி முதலாம் அலெக்சாண்டரும் ராசியாயிட்டாங்க, இங்கிலாந்தோட யாரும் வியாபாரம் பண்ணக்கூடாது, ஸ்வீடனையும் இந்தத் தடைக்குள்ள கொண்டு வரணும்னு பேச்சு. ஸ்வீடன் ராஜா நான்காம் குஸ்தாவ் அடால்ஃப் நெப்போலியன்னாலே எரிஞ்சு விழற ஆளு, முடியாதுன்னுட்டார். 1808 பிப்ரவரி 21-ஆம் தேதி ரஷ்யப் படை எல்லைய தாண்டி ஃபின்லாந்துக்குள்ள வந்துடுச்சு. மார்ச்ல டுர்க்கு நகரம் போச்சு, அந்த மாசம் முடியறதுக்குள்ள ஃபின்லாந்த ரஷ்யாவோட சேர்த்தாச்சுன்னு அலெக்சாண்டர் அறிவிப்பும் விட்டுட்டார். ஓலந்து விவசாயிக்கு இந்த அரசியல்ல ஒரு பங்கும் இல்ல, ஆனா ஸ்டாக்ஹோம் போற வழியில அவன் வீடு இருந்துச்சு.

தீவுக்கு எப்படி வந்தாங்க, கப்பல்லயா?

நடந்து வந்தாங்க! குளிர்காலத்துல அந்தக் கடல் உறைஞ்சு போயிடும். குதிரை, வண்டி, பீரங்கி எல்லாம் பனிக்கட்டி மேலயே போகலாம். மார்ச், ஏப்ரல் வாக்குல கொசாக் குதிரை வீரர்களும் காலாட்படையும் டுர்க்கு பக்கத்துல இருந்து தீவு தீவா தாண்டி ஓலந்துக்கு வந்து சேர்ந்தாங்க. வூயிச்னு ஒரு தளபதி பொறுப்பெடுத்துக்கிட்டார். சில நூறு பேர்தான், பெரிய சேனைலாம் இல்ல, அதையும் ஊர் ஊருக்கு கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு வச்சிருந்தாங்க.

ஸ்வீடன் ஆர்மி என்ன பண்ணிட்டு இருந்துச்சு அப்போ?

முக்கியமான படை ஃபின்லாந்துல வடக்கு நோக்கி பின்வாங்கிப் போயிட்டு இருந்துச்சு, ஏப்ரல் பாதியிலதான் திரும்பி நின்னு அடிக்க ஆரம்பிச்சாங்க. ஹெல்சிங்கி வாசல்ல இருந்த ஸ்வேயாபொர்க் கடல்கோட்டை பெரிய சண்டையே இல்லாம மே 3-ஆம் தேதி ரஷ்யா கைக்கு போயிடுச்சு, அது ஸ்வீடன்காரங்க இன்னும் மறக்காத அவமானம். ஓலந்துல தடுத்து நிக்கற அளவுக்கு யாரும் இல்ல.

மார்ச்ல வந்தவன மே வரைக்கும் பொறுத்துக்கிட்டவங்க திடீர்னு ஏன் கிளம்பினாங்க?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்குவேன், ஏன்னா மொத்தக் கதையும் இதுக்குள்ளதான் இருக்குன்னு நினைக்கறேன். படை வந்து உக்காந்தா அதுக்கு சோறு போடணும், குதிரைக்கு வைக்கோல் போடணும், தங்க இடம் குடுக்கணும், சாமான் ஏத்திப் போக வண்டியும் குதிரையும் குடுக்கணும். வசந்தகாலத் தொடக்கத்துல அந்தப் பக்கம் எந்த விவசாயி வீட்டுலயும் தீவனம் மிச்சம் இருக்காது, புது புல்லு முளைச்சிருக்காது, அந்த நேரத்துல வந்து இவன் மாட்டுக்கு வச்சிருந்ததையும் கேட்டா எப்படி இருக்கும். ஆனா இதெல்லாம் வயித்தெரிச்சல்தான், இதுக்காக மட்டும் யாரும் துப்பாக்கி எடுக்கல.

எடுக்க வச்சது படகு. ஏப்ரல் முடிவுல பனிக்கட்டி உடைய ஆரம்பிச்சுது. கரைப்பக்கத்துல இருந்து எந்த உதவியும் வர முடியாத நிலைமை, வூயிச்சுக்கு கப்பல் கிடையாது, கடல் திறந்தா ஸ்வீடன் கப்பல் வரும்னு அவருக்கும் தெரியும். அதனால மே மாச ஆரம்பத்துல ஒரு உத்தரவு போட்டார்: தீவுக்காரங்க எல்லாரும் அவங்கவங்க படகையும் பாய்க்கப்பலையும் ஆளோட சேர்த்து உடனே தயார் பண்ணி நிறுத்தணும், இல்லன்னா கடுமையான தண்டனை.

அந்த ஊர்ல படகுங்கறது என்னன்னு புரிஞ்சாதான் இந்த உத்தரவோட கனம் புரியும். நிலம் கொஞ்சம்தான், பாறை ஜாஸ்தி. மீன், விறகு, வெண்ணெய் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு ஸ்டாக்ஹோம் போய் வித்து, தானியம் உப்பு வாங்கிட்டு வர்றதுதான் பிழைப்பு. படகும் போய், அத ஓட்ட வீட்டு ஆம்பளையும் போய், அதுவும் போறது எங்க, தங்க சொந்த ராஜா நாட்டு மேல படையெடுக்கறவன ஏத்திக்கிட்டா? இருக்கறத விட்டுட்டு நின்னா குடும்பமே போச்சுங்கற நிலைமை. அதோட, பனி உடைஞ்ச அந்த வாரம்தான் ரஷ்யப் படை எங்கயும் ஓட முடியாத வாரம்னு அவங்களுக்கு நல்லா தெரியும். கோபமும் சந்தர்ப்பமும் ஒரே வாரத்துல வந்து விழுந்துச்சு.

பயமே இல்லையா அவங்களுக்கு? ரஷ்யாவ எதிர்த்தா என்ன ஆகும்னு தெரியாதா?

நல்லாவே தெரியும். 1714-ல இருந்து 1721 வரைக்கும் நடந்த ரஷ்ய ஆக்கிரமிப்புல ஓலந்து ஏறக்குறைய காலியாவே போயிடுச்சு, ஜனங்க பெரும்பாலும் ஸ்வீடனுக்கு ஓடிட்டாங்க, அமைதி வந்த பிறகுதான் திரும்பி வந்து விழுந்து கிடந்த வீட்ட கட்டினாங்க. 1742-லயும் மறுபடி ரஷ்யப் படை வந்துச்சு. பாட்டி தாத்தா சொல்லி கேட்டு வளர்ந்தவங்கதான் 1808-ல இருந்தவங்க. அந்தப் பயம் ரெண்டு பக்கமும் வேலை செஞ்சிருக்கும்னு எனக்குத் தோணுது, சும்மா இருந்தாலும் அழிவுதான்னு ஒரு எண்ணம்.

விவசாயின்னா பண்ணையடிமைங்களா? அவங்ககிட்ட துப்பாக்கி எப்படி வந்துச்சு?

ரஷ்யாவுல அப்போ விவசாயின்னா பெரும்பாலும் பண்ணையடிமைதான், அதனால இந்த சந்தேகம் நியாயம். ஸ்வீடன்ல அப்படி கிடையாது. அங்க விவசாயி சுதந்திர ஆளு, சொந்த நிலம் வச்சிருக்கலாம், நாடாளுமன்றத்துல பிரபுக்கள், பாதிரியார்கள், நகரத்தார்னு இருந்த அணிகளோட நாலாவது அணியா விவசாயிகளுக்கே தனி இடம் இருந்துச்சு. கூடிப் பேசி முடிவெடுக்கறது அவங்களுக்குப் புதுசு இல்ல.

துப்பாக்கி வீட்டுலயே இருந்துச்சு. கடல் நாய் வேட்டை, கடல் பறவை வேட்டை ரெண்டும் அங்க சாப்பாட்டு விஷயம். ஆடற படகுல இருந்தோ பனிக்கட்டி மேல படுத்துக்கிட்டோ தண்ணிக்கு மேல தலை மட்டும் தெரியற மிருகத்த குறி பாத்து சுடற ஆளுங்க. இருந்தாலும் எல்லாருக்கும் துப்பாக்கி இருந்துச்சுன்னு சொல்லிட முடியாது, கைக்கு கிடைச்சத எடுத்துக்கிட்டு வந்தவங்களும் உண்டு.

தலைவர் யாரு? பாதிரியார் ஒருத்தர் சண்டை போட்டார்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

ரெண்டு பேர் பேர் எப்பவும் சேர்ந்தே வரும். ஒருத்தர் எரிக் அரேன், அரசாங்கத்தோட உள்ளூர் அதிகாரி, வரி, ஒழுங்கு எல்லாம் பாக்கறவர், நம்ம ஊர் பழைய கிராம முன்சீப் மாதிரின்னு வச்சுக்கங்க. இன்னொருத்தர் ஹென்ரிக் கும்மேருஸ், ஓலந்தோட பெரிய தீவுல இருக்கற ஃபின்ஸ்ட்ரோம்ங்கற ஊர்ப் பக்கத்து பாதிரியார். ஆமா, நிஜம்தான், அவர் கோயில்ல ஜெபம் பண்ணிட்டு வீட்ல உக்காரல, ஆளுங்கள கூட்டிக்கிட்டு கும்லிங்கே தீவு வரைக்கும் போனவர்.

இவங்க ரெண்டு பேரையும் பெரிய ஹீரோவாக்கி மத்தவங்கள மறந்துடற பழக்கம் இருக்கு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஆனா ஒண்ணு, அதிகாரியும் பாதிரியாரும் முன்னாடி நின்னதால ஜனங்களுக்கு இது கலகம் இல்ல, ராஜாவுக்காக செய்யற கடமைன்னு ஒரு தைரியம் வந்திருக்கும்.

போன் கூட இல்லாத காலத்துல இத்தனை தீவுக்கு எப்படி சேதி போச்சு?

வடக்கு நாடுகள்ல ரொம்ப பழைய ஏற்பாடு ஒண்ணு இருக்கு, சேதிக்கட்டை. ஒரு மரக்கட்டைய ஒரு ஊர்ல இருந்து அடுத்த ஊருக்கு ஓட்டமா கொண்டு போய் குடுக்கணும், வாங்கினவன் உடனே அதுக்கடுத்த ஊருக்கு கொண்டு போகணும், கைல வச்சுக்கிட்டு தூங்கினா தண்டனை. அதுதான் ஃபின்ஸ்ட்ரோம்ல இருந்து கிளம்புச்சு.

அதோட ஓலந்துக்காரங்களுக்கு வேற ஒரு பழக்கமும் இருந்துச்சு. 1638-ல இருந்து ஸ்டாக்ஹோமுக்கும் டுர்க்குவுக்கும் நடுவுல அரசாங்கத் தபால இந்த விவசாயிங்கதான் படகுல, பனில, எந்த நிலைமையிலயும் கொண்டு போய் சேர்க்கணும்னு கடமை. பாதி உருகின பனில படகையே இழுத்துக்கிட்டு போறது, தண்ணி வந்தா குதிச்சு ஏறி துடுப்பு போடறதுன்னு பரம்பரை பரம்பரையா பண்ணவங்க, அதுல செத்தவங்களும் நிறைய. வேற யாரும் கடக்க முடியாத அந்த ரெண்டுங்கெட்டான் கடல்ல இவங்க மட்டும் போயிட்டு வர முடிஞ்சதுக்கு அது ஒரு முக்கிய காரணம்.

சரி, என்னதான் நடந்துச்சு? வரிசையா சொல்லுங்க

மே 6 ஃபின்ஸ்ட்ரோம்ல ஆரம்பம். அங்கங்க சின்னச் சின்னதா இருந்த ரஷ்யக் காவல் குழுக்கள விவசாயிங்க திடீர்னு சூழ்ந்து பிடிச்சாங்க. நாலு பேர் அஞ்சு பேர்னு ஊர் ஊரா பிரிச்சு வச்சிருந்ததுதான் ரஷ்யாக்காரங்களுக்கு வினையாச்சு, ஒரு குழு பிடிபட்டது அடுத்த குழுவுக்கு தெரியறதுக்குள்ள அவங்களும் மாட்டிக்கிட்டாங்க. அடுத்தடுத்த ஊர்கள்லயும் இதே கதை, பெரிய தீவு பூரா ரெண்டு மூணு நாள்ல கைமாறிடுச்சு.

வூயிச் மிச்சம் இருந்த ஆளுங்களோட கிழக்குப் பக்கம் கும்லிங்கேல இருந்தார். வோர்டோ தீவுக்கும் கும்லிங்கேக்கும் நடுவுல டெலெட்னு ஒரு திறந்த கடல்பகுதி, அத தாண்டினாதான் அவர பிடிக்க முடியும். விவசாயிங்க படகுல தாண்டினாங்க, யாருக்காக தயார் பண்ணச் சொன்னாங்களோ அவங்க மேலயே அந்தப் படகுங்க போச்சு. கும்லிங்கேல சண்டை நடந்துச்சு, மே 10 வாக்குல வூயிச் ஆளுங்களோட சரணடைஞ்சுட்டார்.

ஸ்வீடன் கப்பல் படை வந்ததாலதான் ஜெயிச்சாங்கன்னு ஒரு பக்கம் எழுதறாங்க, விவசாயிங்க தனியாவே ஜெயிச்சாங்கன்னு இன்னொரு பக்கம். எது சரி?

ரெண்டும் பாதி. பெரிய தீவுல நடந்தது விவசாயிங்க வேலை. கும்லிங்கே கட்டத்துல ஸ்வீடன் கப்பல் படையோட ஒரு சின்னப் பிரிவு வந்து சேர்ந்துச்சு, துப்பாக்கிப் படகோட. வெறும் விவசாயிங்ககிட்ட சரணடையறத விட சீருடை போட்டவன்கிட்ட சரணடையறது ஒரு தளபதிக்கு ஈசி, அதுவும் நடந்த விஷயத்துல ஒரு பங்குதான். ராணுவ வரலாறு எழுதறவங்க கப்பல் படைய தலைப்புல போட்டு "உள்ளூர் மக்கள் ஆதரவுடன்"னு ஒரு வரி சேர்த்துட்டு போயிடுவாங்க, எனக்கு அது தலைகீழா தெரியுது, ஆரம்பிச்சது யாருன்னு பாத்தாலே போதும்.

ஒரு புக்ல ஏப்ரல்னு போட்டிருக்கு, நீங்க மேன்றீங்க?

ரஷ்யா அப்போ ஜூலியன் காலண்டர், ஸ்வீடன் கிரிகோரியன். 12 நாள் வித்தியாசம். ஸ்வீடன் கணக்குல மே 6-ன்னா ரஷ்யக் கணக்குல ஏப்ரல் 24. நான் எல்லா இடத்துலயும் ஸ்வீடன் தேதிதான் போட்டிருக்கேன்.

பிடிபட்டவங்கள கொன்னுட்டாங்களா? அந்த வூயிச் என்ன ஆனார்?

கைதியா பிடிச்சு ஸ்வீடனுக்கு அனுப்பினாங்க. வூயிச் பின்னாடி ரஷ்யப் படைக்கே திரும்பிப் போய், 1812-ல நெப்போலியன் மாஸ்கோ மேல வந்தப்போ போரோடினோ சண்டைல இருந்தார். மீன்பிடிக்கற விவசாயிங்ககிட்ட மாட்டினது அவர் உத்தியோகத்த முடிக்கல.

பழிவாங்க வரலையா ரஷ்யா?

உடனே வர முடியல, காரணம் மறுபடியும் கடல்தான். பனி இல்ல, அந்தக் கடல்ல ஸ்வீடன் கப்பல் சுத்திட்டு இருந்துச்சு. ஆயுதம் எடுத்த சாதாரண ஜனங்கள அந்தக் காலத்து ராணுவங்க போர்வீரனா மதிக்கவே மாட்டாங்க, அதனால பயத்துக்கு காரணம் இருந்துச்சு. ஃபின்லாந்துக் கரையில வாசா நகரத்துல 1808 ஜூன் 25-ஆம் தேதி ஸ்வீடன் படை இறங்கி தோத்துப் போச்சு, ஜனங்களும் அவங்களுக்கு உதவினாங்கன்னு சொல்லி ரஷ்ய வீரர்கள் நகரத்தையே கொள்ளையடிச்சாங்க, பொதுமக்களும் செத்தாங்க. ஓலந்துக்கு அந்த வருஷம் அந்த கதி வரல.

அப்ப ஜெயிச்சப்புறம் நிம்மதியா இருந்திருப்பாங்க?

இத யாரும் கேக்க மாட்டேங்கறாங்க, கேட்டவங்க ஒருத்தர் ரெண்டு பேர்தான், ஆனா எழுச்சிய விட இது எனக்கு பெரிய விஷயமா படுது. ஓலந்து விடுபட்டதும் ஸ்வீடன் அதையே தளமாக்கிடுச்சு. ஜூன்ல டுர்க்கு பக்கத்துல லெமோவுல படை இறக்கினாங்க, சரியா வரல. ராஜாவே நேர்ல வந்து மாசக்கணக்கா ஓலந்துல தங்கினார். அவரோட படையும் வந்துச்சு, அவசரமா கூட்டிட்டு வந்த இளம் பசங்க, சரியான துணியில்ல, சாப்பாடு இல்ல, இலையுதிர்காலத்துல ஜுரமும் வயித்துப்போக்கும் பரவி கொத்துக்கொத்தா செத்தாங்க. சுட்டு செத்தவங்கள விட நோய்ல செத்தவங்கதான் அதிகம். அந்த நோய் தங்கின வீட்டு ஜனங்களையும் விடுமா? சில நூறு ரஷ்யர்கள தாங்க முடியாம எழுந்த ஊரு, சொந்த ராஜாவோட ஆயிரக்கணக்கான ஆளுங்களுக்கு சோறு போட வேண்டியதாச்சு.

குளிர் வந்துச்சு, கடல் உறைஞ்சுது. ஸ்வீடன் தளபதி டோபெல்ன், ரஷ்யர்களுக்கு தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கக் கூடாதுன்னு கிழக்குத் தீவுகள்ல இருந்த ஜனங்கள காலி பண்ண வச்சார், வீடுகள் எரிஞ்சதும் உண்டு. கும்லிங்கே அந்தக் கிழக்குப் பக்கத்துலதான் இருக்கு. 1809 மார்ச்ல ரஷ்யப் படை இந்த முறை பல ஆயிரம் பேரா பனி மேல வந்துச்சு, ஸ்வீடன் படை பின்வாங்கிடுச்சு, ரஷ்யத் தளபதி குல்னேவோட கொசாக்குகள் பனியிலயே ஸ்வீடன் கரை கிரிஸ்ஸல்ஹாம்ன் வரைக்கும் போயிட்டாங்க. அதே மாசம் 13-ஆம் தேதி ஸ்டாக்ஹோம்ல அதிகாரிங்க ராஜாவ பிடிச்சு பதவிய விட்டே இறக்கிட்டாங்க.

கடைசில ரஷ்யாகிட்டயே போயிடுச்சே, அப்ப எல்லாம் வேஸ்ட்தானே?

1809 செப்டம்பர் 17, ஃப்ரெட்ரிக்ஸ்ஹாம்ன் ஒப்பந்தம், ஃபின்லாந்தோட சேர்த்து ஓலந்தும் ரஷ்யாவுக்கு. ஸ்டாக்ஹோமுக்கு இவ்ளோ பக்கத்துல இருக்கறத விடக்கூடாதுன்னு ஸ்வீடன் தரப்பு கெஞ்சிப் பாத்தாங்க, ரஷ்யா மசியல. ராணுவக் கணக்குல பாத்தா பத்து மாச அவகாசம் கிடைச்சுது, அத ஸ்வீடன் உருப்படியா பயன்படுத்தல, அது விவசாயி தப்பு இல்ல. அவங்க எடுத்த முடிவு அந்த வாரத்துக்கான முடிவு: படகையும் ஆளையும் குடுக்கறதா வேணாமா. குடுக்கல.

இத ஃபின்லாந்து சுதந்திரப் போராட்டம்னு சொல்லலாமா?

வேணாம். ஆரம்பத்துலயே சொன்ன மாதிரி அவங்க ஸ்வீடன் பிரஜைங்க, ராஜா பேர்லதான் எழுந்தாங்க. 1809-க்கு அப்புறம் ஃபின்லாந்து ரஷ்யாவுக்குள்ள தனி சட்டத்தோட ஒரு பெரும் பிரபுநாடா இருந்துச்சு, ஃபின்லாந்து தேசியம்ங்கறதெல்லாம் அதுக்கப்புறம் வளர்ந்தது. 1917 குழப்பத்துல ஓலந்துக்காரங்க கேட்டதே நாங்க ஸ்வீடனோட சேர்றோம்னுதான்.

அதே வருஷம் மே மாசம்தான் ஸ்பெயின்லயும் ஜனங்க எழுந்தாங்க, அத பாத்து இவங்க பண்ணாங்களா?

மாட்ரிட்ல மே 2, ஓலந்துல மே 6. நாலு நாள்ல அங்கிருந்து இங்க சேதி வர்றதுக்கு வாய்ப்பே இல்ல. ஒத்துப்போனது தற்செயல், ஆனா ஐரோப்பாவோட ரெண்டு மூலைல ஒரே வாரத்துல நடந்துச்சுங்கறது நினைச்சா நல்லாத்தான் இருக்கு.

இப்போ ஓலந்துல ராணுவமே கிடையாதாமே, அது இந்த எழுச்சியாலயா?

நேரடியா இல்ல. ரஷ்யா 1832-ல பொமர்சுந்துன்னு பெரிய கோட்டை கட்ட ஆரம்பிச்சுது, கிரிமியப் போர்ல 1854 ஆகஸ்ட்ல பிரிட்டன் பிரான்ஸ் படைங்க அத அடிச்சு உடைச்சாங்க, 1856 பாரிஸ் ஒப்பந்தத்துல ஓலந்துல இனி கோட்டை கூடாதுன்னு எழுதினாங்க. 1921-ல சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ், இன்னிக்கு ஐ.நா. மாதிரி) தீவு ஃபின்லாந்துக்கு, ஆனா ஸ்வீடிஷ் மொழியும் தன்னாட்சியும் காப்பாத்தணும்னு முடிவு பண்ணுச்சு. இன்னிக்கும் ஃபின்லாந்து ஆம்பளைங்களுக்கு கட்டாய ராணுவ சேவை, ஓலந்து ஊர் உரிமை இருக்கறவங்களுக்கு அது கிடையாது.

போய்ப் பாக்கணும்னா எங்க போறது?

மாரியஹாம்ன் தலைநகரத்துல இந்தக் கதைய தேடாதீங்க, அந்த ஊரே 1861-லதான் வந்துச்சு. ஃபின்ஸ்ட்ரோம் பெரிய தீவுலயே இருக்கு, கார்ல போயிடலாம். கும்லிங்கேக்கு வோர்டோ பக்கத்து ஹும்மெல்விக்ல இருந்து ஃபெர்ரி உண்டு, அந்த ஃபெர்ரி போறது டெலெட் கடல்லதான், மேல சொன்ன அதே வழி. கும்லிங்கே சில நூறு பேர் மட்டும் இருக்கற ஊரு, இடைக்காலத்து சுவரோவியம் இருக்கற செயின்ட் அன்னா கோயில கண்டிப்பா பாருங்க. குளிர்கால மாசங்கள்ல ஃபெர்ரி நேரம் மாறும், முன்னாடியே பாத்துட்டு கிளம்புங்க.